படுக்குமுன் ஒரு பின்னல்

நீண்ட கூந்தலைப் பெற்றிருப்பது ஒரு பாக்கியம் என்று பேசுகிறவர்கள் அநேகர். அதைப் பேணுவதில் உள்ள சிரமத்தை முழுதும் உணர்ந்தவர்களோ, அதைத் தினந்தோறும் வாரி முடிகிற பெண்களும், சிறு வயதில் அவர்களை முன்னே உட்காரவைத்துத் தலை பின்னிவிட்ட தாய்மார்களுமே ஆவர். எண்ணெய் ஸ்நானத்துக்கும் சிகைக்காய்க்கும் நாம் காட்டுகிற சிரத்தையில் நாலில் ஒரு பங்கைக்கூட, அந்தக் கூந்தல் ஏழெட்டு மணி நேரம் தலைக்கும் தலையணைக்கும் இடையே அகப்பட்டுக் கிடக்கிற இராப்பொழுதின்மேல் நாம் காட்டுவதில்லை. காலையில் எழுந்தால் முடி சிலும்பி நிற்கிறது, பிடரியில் சிக்கு விழுந்து கிடக்கிறது, சீப்பை வைத்து இழுத்தால் கொத்தாக வருகிறது என்று மனம் வருந்துகிறவர்கள், அதற்கு முந்தின பகலில் தாங்கள் செய்த பிழை யாது என்று தேடுகிறார்கள். தேட வேண்டிய இடம் பெரும்பாலும் படுக்கையே.

இதன் காரணத்தை அறிய ஒரு முடியின் அமைப்பைச் சற்றே அறிந்துகொள்ள வேண்டும். மயிர்க்காலுக்கு மேலே நம் கண்ணுக்குத் தெரிகிற முடி கெராட்டின் என்னும் புரதத்தால் ஆனது. அதில் இரத்த ஓட்டமும் இல்லை, நரம்பும் இல்லை, உயிரும் இல்லை. ஆதலால் ஒரு முறை சேதமடைந்த இடம் மீண்டும் தானாக ஆறுவதும் இல்லை. அதன் மேற்புறத்தை, நாட்டு ஓடு வேய்ந்த கூரையில் ஓடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருப்பதுபோல, மிக மெல்லிய செதில்கள் அடுக்கடுக்காக மூடியிருக்கின்றன; அவற்றின் விளிம்புகள் யாவும் நுனியையே நோக்கியிருக்கின்றன. உதிர்ந்த நீள முடி ஒன்றை எடுத்து, வேரிலிருந்து நுனிக்கு இரு விரல்களிடையே உருவிப் பாருங்கள்; வழுவழுப்பாக வரும். நுனியிலிருந்து வேருக்கு உருவிப் பாருங்கள். மெல்லிய சொரசொரப்பு விரலுக்குத் தட்டும். அதே முடியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே நீளவாக்கில் வைத்து விரல்களை முன்னும் பின்னுமாகத் தேய்த்தால், அது வேர்ப்பக்கமாகவே மெல்ல நகர்ந்து செல்வதைக் காணலாம். கட்டவிழ்ந்து கிடக்கும் கூந்தலில் ஒவ்வொரு முடியும் தூங்குகிறவர் புரளுந்தோறும் இப்படித் தத்தம் வேர்ப்பக்கமாக ஊர்ந்து, அயல் முடிகளோடு பின்னிக்கொள்வதனால்தான், மாலையில் ஒழுங்காக வாரிய தலை காலையில் சிக்காகிறது.

முடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் வளர்கிறது. இடுப்பைத் தொடுகிற கூந்தல் 75 சென்டிமீட்டர் நீளம் உள்ளது என்று கொண்டால், அதன் நுனிப்பகுதி தலையிலிருந்து வெளிவந்து ஆறு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கும்; அதாவது 2000 இரவுகளுக்கு மேலாக அது தலையணையிலும் பாயிலும் உரசி வந்திருக்கிறது. வேரருகே இருக்கும் முடி சென்ற மாதத்துப் பிள்ளை. நுனியோ குடும்பத்துக்கு மூத்தது. மூத்ததற்கு உரிய பரிவை நுனிக்குக் காட்டாமல், எண்ணெய் முழுவதையும் உச்சந்தலையில் ஊற்றித் தேய்ப்பது நம்மவர் வழக்கமாக இருந்து வருகிறது. நீள முடி உடையவர்கள் இந்த ஒன்றை மாற்றிக்கொண்டாலே பாதிக் காரியம் முடிந்துவிடும் என்பது என் அபிப்பிராயம்.

உரசலுக்கு அடுத்த பகை ஈரம். முடி காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது; ஈரம் ஏற ஏறச் சற்றே நீள்வதும், வறள வறளக் குறுகுவதும் அதன் குணம். இந்தக் குணத்தைக் கொண்டே ஜெனீவா நகரத்து விஞ்ஞானியான சொஸ்யூர் என்பவர், மனித முடியை இழுத்துக் கட்டிக் காற்றின் ஈரத்தை அளக்கும் கருவி ஒன்றை அமைத்து, 1783இல் அதைப் பற்றி நூலும் வெளியிட்டார். முடியினுள் புரதச் சங்கிலிகளைப் பிணைத்து வைத்திருக்கும் பிணைப்புகளுள் ஹைட்ரஜன் பிணைப்பு என்பது நீர் பட்டதும் அவிழ்ந்து, உலர்ந்ததும் மறுபடி பிணைந்துகொள்ளும் தன்மையது. ஆகவே உலர்கிற தருணத்தில் முடி எந்த வளைவில் கிடக்கிறதோ, அந்த வளைவே அதற்கு நிலைத்துவிடுகிறது. ஈரத் தலையோடு படுத்தவரின் கூந்தல், தலையணை மடித்த மடிப்பிலும் கழுத்து அழுத்திய அழுத்தத்திலுமே உலர்ந்து, விடிந்தபின் எத்தனை சீவினாலும் படியாமல் நிற்பதற்கு இதுவே காரணம். சென்னை, கடலூர், நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் இரவுக் காற்றே ஈரமாக இருப்பதால் அங்கே வாழும் பெண்களுக்குச் சிலும்பல் அதிகம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கேட்கவே வேண்டாம்.

முடி நன்றாக நனைந்தால் குறுக்களவில் ஏழில் ஒரு பங்கு போலப் பருத்துவிடுகிறது. செதில்கள் சற்றே எழும்புகின்றன. இழுத்தால் வெகுவாக நீண்டு, பழைய நிலைக்குத் திரும்பாமல் பலவீனப்படுகிறது. நம் பழைய குடும்பங்களில் செவ்வாயும் வெள்ளியும் காலையிலேயே எண்ணெய் தேய்த்துக் குளித்து, தூபக்காலில் தணல் இட்டுச் சாம்பிராணி தூவி, அதன்மேல் கவிழ்த்த கூடையில் கூந்தலைப் பரப்பி ஆற்றினார்கள். சாயங்காலத்துக்குள் தலை வெகு நன்றாக உலர்ந்துவிடும். இப்போதோ காலையில் ரயிலையும் பஸ்ஸையும் பிடிக்க ஓடுகிற பெண், வேலை முடிந்து வீடு திரும்பிச் சமையலும் முடித்து இரவு ஒன்பது மணிக்குத் தலைக்கு ஊற்றிக்கொள்கிறாள். அவளைக் குறைசொல்ல நியாயமில்லை. ஆயினும் இரவு ஸ்நானம் தவிர்க்க முடியாததாக இருந்தால், படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னதாகவே அதை முடித்துக்கொள்வதும், வளைய வளையமாக நூல் எழும்பிய டர்க்கி டவலால் முறுக்கிப் பிழியாமல் மெல்லிய ஈரிழைத் துண்டாலோ பழைய பருத்தி வேட்டியாலோ ஒற்றி எடுப்பதும், மின்விசிறிக்குக் கீழே விரல்களால் கோதி ஆற்றுவதும் செய்யத்தக்கவை. பிடரிப் பக்கத்து அடிமுடியே கடைசியில் உலர்வது. அங்கே கை வைத்துப் பார்த்துக் குளிர்ச்சி தட்டாதபோதுதான் பின்னலுக்குப் போக வேண்டும்.

தலைவிரிகோலமாகப் படுக்காதே என்று பாட்டிமார் கண்டித்தது நம்மில் பலர் கேட்டது. அமங்கலம் என்ற ஒரே சொல்லில் அவர்கள் அதைச் சொல்லிவிட்டாலும், உரசலைக் குறைக்கிற உபாயம் அதில் அடங்கியிருந்தது. தலைமுறை தலைமுறையாகக் கைகளால் கண்டறிந்த அந்த அனுபவத்தை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. விளக்கு வைத்தபின் தலை சீவக் கூடாது என்ற கட்டுப்பாட்டுக்கு, மங்கலான வெளிச்சத்தில் உதிர்ந்த முடி சோற்றில் விழுந்துவிடும் என்று காரணம் சொல்வதுண்டு. மின்விளக்கு வந்தபின் அந்தக் காரணம் நிற்காது. எனவே படுக்குமுன் பத்து நிமிஷம் கூந்தலுக்கென்று ஒதுக்கத் தடையில்லை.

அந்தப் பத்து நிமிஷத்தில் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் பூவை எடுத்துவிட வேண்டும். வாடிய மல்லிகைச் சரத்தின் நாரும் காம்பும் முடியோடு முறுக்கிக்கொண்டு, இரவெல்லாம் கிடந்தால் அந்த இடத்திலேயே சிக்கு விழும். கொண்டை ஊசியும் கிளிப்பும் அப்படியே. பின்பு நுனியிலிருந்து ஒரு சாண் மேலே இடக்கையால் கூந்தலை இறுகப் பற்றிக்கொண்டு, அகன்ற பல் உள்ள மரச்சீப்பால் அந்த ஒரு சாணை மட்டும் சிக்கெடுத்து, அது சீரானபின் கையை மேலே நகர்த்தி அடுத்த சாணுக்குச் செல்ல வேண்டும். உச்சியிலிருந்து ஒரே இழுப்பாக இழுத்தால் மேலேயுள்ள சிறு சிக்குகளெல்லாம் கீழே தள்ளப்பட்டு ஒரு பெரிய முடிச்சாகத் திரண்டுவிடும். சிக்கெடுத்தபின் பிடரியில் மூன்று கால் பிரித்து, விரல் ஒன்று உள்ளே நுழையும் தளர்ச்சியோடு பின்னிக்கொண்டு போய், நுனிக்கு நாலு விரற்கடை மேலே துணி சுற்றிய வளையத்தாலோ பருத்தி நாடாவாலோ கட்ட வேண்டும். பொட்டலம் கட்டுகிற ரப்பர் வளையம் மட்டும் ஆகவே ஆகாது; அதை அவிழ்க்கும்போது பத்து முடியாவது அறுந்து அதோடு வரும். இடுப்புக்குக் கீழே தொங்கும் கூந்தலாயின் ஒற்றைப் பின்னலைவிட இரட்டைப் பின்னல் உத்தமம்; இரு தோள்களின் வழியாக முன்னே விட்டுக்கொண்டால், புரளும்போது முதுகின் அடியில் சிக்கி வேரை இழுக்காது.

இயல்பிலேயே சுருண்ட முடி உடையவர்களுக்கு இந்த முறை முழுதும் பொருந்தாது. அவர்கள் உலர்ந்த முடியில் சீப்பையே வைக்காமல், விரல்களால் பிரித்து, உச்சந்தலையில் தளர்வாக அள்ளி முடிந்துகொள்வது நலம்; சுருளும் கலையாது, தலையணையும் படாது.

எண்ணெய் விஷயத்தில் நம் முன்னோரின் தேர்வு சரியானது என்று சோதனைக்கூடமும் சாட்சி கூறியிருக்கிறது. 2003இல் ரேலே, மோஹிலே என்னும் இரு ஆய்வாளர்கள் தேங்காயெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு, முடியிலிருந்து புரதம் கழிந்துபோவதைக் குறைத்தது தேங்காயெண்ணெய் ஒன்றே என்று வெளியிட்டார்கள். அவர்கள் பணியாற்றியது தேங்காயெண்ணெய் விற்கும் மும்பை நிறுவனம் ஒன்றின் ஆய்வுப் பிரிவில் என்பதையும் வாசகர் அறிந்திருக்க வேண்டும். எனினும் அவர்கள் கூறிய காரணம் தெளிவானது. தேங்காயெண்ணெயில் ஏறக்குறையப் பாதியளவு இருக்கும் லாரிக் அமிலத்தின் மூலக்கூறு சிறியதும் நேரானதும் ஆகையால், மேலே படிந்து நிற்பதோடு முடியின் உள்ளேயும் புகுகிறது. இரவுக்கு அதிகம் வேண்டியதில்லை. உள்ளங்கையில் நாலைந்து சொட்டு விட்டு, இரு கைகளிலும் பரவத் தேய்த்து, பின்னலின் கீழ்ப்பாதியையும் நுனியையும் வருடிவிட்டால் போதும். பொடுகு உள்ளவர்கள் இராமுழுதும் மண்டையில் எண்ணெய் ஊற வைப்பதைத் தவிர்க்க வேண்டும். பொடுகோடு தொடர்புடைய நுண்ணுயிர் அந்தக் கொழுப்பையே உணவாகக் கொள்கிறது. முடியை ஊட்டி வளர்ப்பதாகச் சொல்லி விலை உயர்ந்த புட்டிகளில் வருகிற தைலங்களைப் பொறுத்தவரை, உயிரற்ற ஒன்றுக்கு உணவூட்ட யாராலும் ஆகாது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பணத்தை எண்ணிச் செலவிடுங்கள்.

தலையணை உறையும் கவனிக்கத்தக்கது. பருத்தி நூலில் எழும்பி நிற்கும் சிறு இழைகள் முடியைப் பற்றி இழுக்கும். பட்டும், வழுவழுப்பான சாட்டினும் அவ்வாறு இழுப்பதில்லை. ஜப்பானில் எடோ காலத்துப் பெண்கள், கட்டிய கொண்டை கலையாதிருக்கக் கழுத்தை மட்டும் தாங்கும் உயர்ந்த மரத் தலையணையில் படுத்தார்கள். அமெரிக்கக் கறுப்பினப் பெண்களிடையே பட்டுத் துணியையோ சாட்டின் குல்லாயையோ தலையில் கட்டிக்கொண்டு உறங்குவது இன்றளவும் உள்ள வழக்கம். நம் வீடுகளில் பெட்டியடியில் கிடக்கும் பழைய பட்டுப் புடவையை வெட்டி உறை தைத்துக்கொள்ளலாம். ஆனால் கரையும் முந்தானையும் புட்டாவும் கூடாது, ஜரிகை முடியை அறுத்துவிடும். உடலின் வெற்றுப் பட்டு மட்டுமே உதவும். வாரம் ஒரு முறையாவது உறையைத் துவைத்து மாற்றுவது நெற்றிப் பருவுக்கும் நல்லது.

காலையில் பின்னலை அவிழ்த்ததும் சீப்பைத் தேடாமல், முதலில் விரல்களால் கோதிவிட்டு, பிறகு இரவில் சொன்ன அதே முறையில் நுனியிலிருந்து மேலே வாரினால், வேலைக்குப் புறப்படும் நேரத்தில் கண்ணாடி முன் நிற்கும் பொழுதும் குறையும். சீவும்போது சில முடிகள் உதிர்வதைக் கண்டு அஞ்ச வேண்டாம். நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி வரை உதிர்வது இயற்கை.

இத்தனையும் சொன்னபின், பள்ளிக்கூடம் செல்லும் பெண் குழந்தைகளின் தாய்மார்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. காலையில் இறுக வாரி, மடித்துக் கட்டி, ரிப்பன் முடிந்த இரட்டைச் சடையோடே பல பிள்ளைகள் இரவில் தூங்கி, மறுநாள் காலையில்தான் அதை அவிழ்க்கிறார்கள். ஓயாத இழுப்பினால் முன்நெற்றியிலும் காதோரத்திலும் முடி கொட்டும் நோயை, இறுகக் கொண்டை கட்டிய கிரீன்லாந்துப் பெண்களிடம் கண்டு 1907ஆம் ஆண்டிலேயே வைத்தியர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். தொடக்கத்தில் தளர்த்திவிட்டால் முடி மீண்டும் வரும், பல வருஷம் நீடித்தால் மயிர்க்காலே வடுவாகி மூடிவிடும். பள்ளியின் சட்டம் பகலுக்கு மட்டுமே. பிள்ளை வீடு திரும்பியதும் அந்த ரிப்பனை அவிழ்த்து, தலையைக் கோதிவிட்டு, படுக்கும்போது தளர்வாகப் பின்னிவிடுங்கள்.