கணுக்கால் எக்ஸ்ரே: ஒரு நிழல் ஏன் போதாது?

பிரிஞ்சாங் வட்டாரத்துத் தேயிலைச் சரிவுகளில் உழைப்போருக்குக் கால்தான் முதற்கருவி. சுமார் 5,000 அடி உயரத்தில், மழையும் மூடுபனியும் மாறி மாறி வரும் இம்மலையில், நிரைகளுக்கு இடைப்பட்ட மண் எந்நேரமும் வழுக்கக் காத்திருக்கிறது. கொழுந்து வெட்டும் இயந்திரத்தை இருவர் நிரையின் இருபுறமும் தாங்கிச் செல்கையில், கண் செடியின்மேல் இருக்கும். கால் படும் இடத்தை யார் பார்க்கிறார்கள்? பாதம் உட்புறமாக மடிகிறது; கணுக்கால் வீங்குகிறது. "வெறும் சுளுக்குத்தான்" என்று எண்ணெய் தடவி உருவி விடுவதை நாம் பல வீடுகளில் கண்டிருக்கிறோம். உள்ளே எலும்பு முறிந்திருந்தால், உருவுகிற கையே அந்தத் துண்டை இடம் பெயர்த்துவிடக்கூடும்.

தானா ராத்தாவில் உள்ள சுல்தானா ஹாஜா கல்சோம் மருத்துவமனை போன்ற இடத்துக்கு வந்து எக்ஸ்ரே எடுத்துக்கொள்வோரிடமும் ஓர் ஐயம் எழுவதுண்டு. "ஒரே காலை மூன்று முறை திருப்பித் திருப்பி எடுக்கிறார்களே, முதற்படம் கெட்டுவிட்டதோ?" என்பதே அது. கெடவில்லை. எக்ஸ்ரே என்பது ஒரு நிழல். ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் இரண்டு மரங்களின் நிழல் ஒரே மரமாகத் தெரிவதுபோல, முன்னும் பின்னும் உள்ள எலும்புகள் ஒரே படத்தில் ஒன்றாகி, முறிவை மறைத்துவிடும்.

கணைக்காலில் இரண்டு எலும்புகள் உள்ளன. உட்புறத்துப் பருத்த எலும்பு உடற்பாரத்தைத் தாங்குகிறது. வெளிப்புறத்து மெல்லிய எலும்பு துணை நிற்கிறது. இவற்றின் கீழ்முனைகளே கரண்டை என்று நாம் தொட்டறியும் இரு மேடுகள். அவற்றினிடையே, கிடுக்கியின் அலகுகளுக்குள் பிடிபட்ட கட்டைபோல், தாலஸ் என்னும் எலும்பு அமர்ந்திருக்கிறது. அதன் கீழே குதிகால் எலும்பு. ஒரு பாதத்தில் மொத்தம் 26 எலும்புகள்: பின்பாதத்திலும் நடுப்பாதத்திலும் 7, முன்பாதத்தில் நீண்டவை 5, விரல்களில் 14.

காலை நேரே நிமிர்த்தி எடுக்கும் முதற்படத்தில், வெளிப்புற எலும்பின் நிழல் தாலஸின் விளிம்பின்மேல் விழுந்து மூட்டின் ஒருபக்க இடைவெளியை மறைக்கிறது. ஆகவே, இரண்டாம் படத்திற்குக் காலை 15 முதல் 20 பாகை வரை உட்புறமாகத் திருப்புகிறார்கள். பாதத்தை மட்டுமன்று, முழங்காலிலிருந்து முழுவதையும் திருப்ப வேண்டும். அப்போது இரு கரண்டைகளும் தட்டுக்குச் சமதூரத்தில் வர, மூட்டின் இடைவெளி மூன்று பக்கமும் ஒரே சீராகத் தெரியும். உட்பக்க இடைவெளி 4 மில்லிமீட்டருக்கு மேல் விரிந்திருந்தால், எலும்பு முறியாவிடினும் தசைநார் அறுந்திருக்கலாம் என்று மருத்துவர் ஐயுறுவார். மூன்றாவது பக்கவாட்டுப் படம். பாதத்தைக் கணைக்காலுக்குச் செங்கோணமாக மடக்கி வைத்தால் குதிகாலும், பருத்த எலும்பின் பின்விளிம்பும் தெளிவாகும். வலியால் கால் தளர்ந்து விழும் அந்நேரத்தில் ஒரு விநாடி அசையாதிருப்பது எளிதன்று. ஆயினும் அசைந்தால் படம் மங்கி, மீண்டும் எடுக்க நேரும்.

பாதத்துக்கும் இவ்வாறே மேலிருந்து ஒன்று, பாதத்தின் வெளிவிளிம்பைச் சற்று உயர்த்திச் சாய்வாக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. சில வேளைகளில் நிற்கவைத்தும் எடுப்பார்கள். நடுப்பாதத் தசைநார் அறுந்தவர் படுத்திருக்கையில் எலும்புகள் ஒழுங்காகவே தோன்றும். உடற்பாரம் இறங்கியதும் முதல் இரு நீண்ட எலும்புகளுக்கு இடையே பிளவு தெரியும்.

வலிக்கும் காலையெல்லாம் படமெடுக்க வேண்டுமா? 1992-இல் கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் வயது வந்தோருக்காக ஒரு விதி வகுத்தனர். விழுந்த உடனேயும், மருத்துவர் பார்க்கும்போதும் நான்கு எட்டு வைக்க இயலாதவருக்குப் படம் தேவை. கரண்டைகளின் நுனியிலோ, அவற்றின் பின்விளிம்பின் கீழ் 6 சென்டிமீட்டரிலோ அழுத்தினால் வலிப்பவருக்கும் தேவை. பாதத்தின் வெளிவிளிம்பில் நடுவே தட்டுப்படும் மேட்டிலும், உள்வளைவின் உச்சியிலும் உள்ள வலிக்கும் இதுவே விதி. ஆதலால் "கால் முழுதும் வலிக்கிறது" என்று சொல்லாமல், ஒரு விரலால் இடத்தைத் தொட்டுக் காட்டுவது மருத்துவருக்குப் பேருதவி.

1895-இல் ஜெர்மனியில் ரண்ட்ஜன் தம் மனைவியின் கையைப் படமெடுத்தபோது விரலிலிருந்த மோதிரமும் பதிந்தது. நம் பெண்களின் மெட்டியும் கொலுசும் அப்படியே பதியும், கழற்றிவிட வேண்டும். சுண்ணாம்புப் பற்று இட்டிருந்தால் கழுவிவிட்டுச் செல்வது நலம். பாதப் படத்தின் கதிரளவு மிகச் சிறிது. எனினும் கருவுற்றிருப்போர் முன்கூட்டியே சொல்ல வேண்டும். குழந்தைகளின் எலும்பில் வளர்ச்சிக்கோடு முறிவுபோலவே தெரியும் என்பதால், அவர்தம் படத்தை மருத்துவரே படிக்கட்டும். தொடர்ந்த நடையால் எலும்பில் உண்டாகும் நுண்வெடிப்போ முதல் இரு வாரங்கள் படத்தில் தென்படாமலே இருக்கலாம். முதற்படம் நன்றாயிருந்தும் வலி ஓயாவிடில் மறுபடியும் செல்ல வேண்டும்.

வேலை நேரத்தில் அடிபட்டவர், விழுந்த நாள், நேரம், இடம், பாதம் மடிந்த பக்கம் ஆகியவற்றை அன்றே மண்டோரிடம் தெரிவித்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும். 1969-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பெர்கேசோவில் உரிமை கோருகையில், அப்பதிவும் மருத்துவ அறிக்கையும் சேர்ந்தே பேசும்.