குடலை மீண்டும் பொருத்துவது எப்போது?

யுத்த காலத்தில் ஷெல் துண்டுகளும் சன்னங்களும் வயிற்றைத் துளைத்ததால் குடல் சிதைந்தவர்கள் நம்மிடையே உள்ளனர். உயிரைக் காப்பதற்காகப் பெருங்குடலை வயிற்றின் வெளிப்புறமாகத் திறந்து, மலம் ஒரு பையில் சேரும்படி வைத்தியர்கள் செய்வர். இதுவே 'கொலஸ்ரமி' எனப்படும். புற்றுநோய், குடல் அடைப்பு என்பவற்றுக்காகவும் இது செய்யப்படுகின்றது. மலவாசல் முற்றாக அகற்றப்பட்டிருந்தால் பை நிரந்தரமானது. ஏனைய பலருக்குக் குடலை மீண்டும் பொருத்த முடியும். ஆனால், எப்போது?

உடல் தயாரா?

முதற் சத்திரசிகிச்சையின் பின் குறைந்தது 3 மாதங்களாவது பொறுத்திருப்பது வழமை. வயிற்றினுள் உள்ள வீக்கமும் புண்ணும் ஆறவேண்டும். பலத்த காயமாயின் 6 மாதமோ அதற்கு மேலோ செல்லலாம். இரத்தச்சோகை, போசாக்கின்மை, கட்டுப்படாத நீரிழிவு இருந்தால் பொருத்திய இடம் ஆறாமல் கசியக்கூடும். அது உயிராபத்தானது. ஆகவே முதலில் இவற்றைச் சீர்செய்ய வேண்டும். கீழ்க்குடலில் மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுப்பதும், மலவாசல் தசையின் பலத்தைப் பார்ப்பதும் உண்டு. தசை பழுதடைந்திருந்தால் பின்னர் மலத்தை அடக்க முடியாமற் போகலாம். வருடங்கள் பல கடந்துவிட்டன என்பதற்காக மட்டும் வாய்ப்பு இல்லாமற் போவதில்லை.

வீடு தயாரா?

இதைப் பற்றிப் பலரும் கேட்பதில்லை. வன்னியில் கணவனை இழந்த ஒரு தாய், திகதி கிடைத்தும் இரு தடவைகள் வைத்தியசாலைக்குச் செல்லவில்லை. பயந்துவிட்டார் என்றே அயலவர் பேசினர். உண்மையில், பிள்ளைகளைப் பார்க்கவும் கிணற்றில் தண்ணீர் அள்ளவும் ஆளில்லை. கூலி வேலையும் நின்றுவிடும். பாடசாலை விடுமுறையில் தங்கை வந்து நிற்கச் சம்மதித்த பின்னரே அவர் துணிந்தார்.

அவரது கணக்குச் சரியானதே. சில நாட்கள் முதல் ஒரு வாரம் வரை வைத்தியசாலையில் தங்க நேரிடும். அதன்பின் 6 முதல் 8 வாரங்கள் வரை பாரம் தூக்கக்கூடாது. ஆரம்பத்தில் அடிக்கடி மலம் போகும், அவசரமாகவும் வரும். இது சீராகச் சில மாதங்கள் எடுக்கலாம். மலசலகூடம் வீட்டுக்கு அருகில் இருப்பது அவசியம். காய்ச்சல், வயிறு வீங்குதல், தொடர் வாந்தி ஏற்பட்டால் தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

முடிவு யாருடையது?

வீட்டில் கலியாணம் வருகிறது, சபை சந்திக்குப் போகவேண்டும் என்று உறவினர் அவசரப்படுத்துவதுண்டு. பை இருப்பது வெட்கத்துக்குரியதல்ல. பையோடு பழகிவிட்டேன், மீண்டும் வயிற்றை வெட்ட விருப்பமில்லை என்று ஒரு பெண் தீர்மானித்தால் அதுவும் மதிக்கப்பட வேண்டிய முடிவே.

கிளினிக்குக்குச் செல்லும்போது இவற்றைக் கேளுங்கள்:

• எனது குடலைப் பொருத்த முடியுமா?
• வயிற்றை மீண்டும் பெரிதாகத் திறக்க வேண்டுமா?
• தசைக் கட்டுப்பாடு எப்படி உள்ளது?
• இன்னும் சில மாதம் பொறுத்தால் நன்மையா, தீமையா?
• குழந்தை பெற விரும்பினால் எதை முதலில் செய்வது?

பழைய கிளினிக் கொப்பி, நோய் நிர்ணய அட்டை என்பவற்றைக் கையோடு கொண்டு செல்லுங்கள். துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். ஆயினும் போக்குவரத்துக்கும் வேலையிழக்கும் நாட்களுக்கும் சிறிது சேமித்து வைப்பது நல்லது. சகோதரிகளே, உங்கள் உடலும் வீடும் தயாராகும் நாளே உங்களுக்கு உகந்த நாள்.