மண்ணுக்கு ஒரு போர்வை

வானத்தை நம்பிப் பயிரிடுவோர்க்கு மழை குறைவென்பது ஒரு துன்பம். பெய்த மழையும் ஆவியாய்ப் போவது மற்றொரு துன்பம். சீனாவின் வடமேற்கிலுள்ள கான்சு மாகாணத்து உழவர், இவ்விரண்டாம் துன்பத்தைத் தடுக்க நிலத்தைப் பொலித்தீன் தாளினால் மூடுகின்றனர். பெரியதும் சிறியதுமாக வரம்புகளை மாறிமாறி அமைத்து, நிலம் முழுவதன்மேலும் தாளை விரிப்பர். இடையிலுள்ள சால்களில் துளையிட்டுச் சோளம் ஊன்றுவர். வரம்பில் விழும் சிறு தூறலும் வழுக்கிச் சென்று, துளைவழியே வேரடியைச் சேரும். தாளின்கீழ் மண் வெதுவெதுப்பாயிருப்பதால், குளிர்ந்த மேட்டு நிலத்திலும் விதை காலத்தோடு முளைக்கின்றது. 1970களின் இறுதியில் யப்பானிலிருந்து சீனாவுக்கு வந்த இம்முறை விரைந்து பரவியதில் வியப்பில்லை.

ஆயின், அறுவடைக்குப்பின் அந்தத் தாள் என்னாகின்றது? மலிவை நாடி, ஏறக்குறைய 0.008 மில்லிமீற்றர் தடிப்பே உள்ள தாளை நெடுங்காலம் பயன்படுத்தினர். வெயிலில் நைந்த அதனை இழுத்தாற் கிழியும். துண்டுகள் உழவோடு மண்ணுட் புதையும். அவை எளிதில் உக்குவதில்லை. ஆண்டுதோறும் சேர்ந்து, நீர் கீழிறங்கும் வழியை அடைத்து, வேரையும் தடுக்கின்றன. ஈரத்தைக் காக்க வந்த பொருளே ஈரத்துக்குப் பகையாகின்றது! அன்றியும், வெப்பமும் ஈரமும் கூடிய மண்ணில் உக்கல் விரைவிற் சிதைவதால், எருவிடாத வயல் மெல்லமெல்ல வளமிழக்கும்.

வைக்கோலால் மூடலாமே எனின், அது உக்கி மண்ணுக்கே உரமாகும் என்பது மெய். ஆனால், அம்மாகாணத்துக் குளிரில் மண் சூடேறுவதை அது தாமதப்படுத்தும். 2018 மே மாதம் முதல் சீன அரசு தாளின் குறைந்த தடிப்பை 0.010 மில்லிமீற்றராக உயர்த்தியது. வேறுபாடு அற்பமெனத் தோன்றும். கிழியாமற் சுருட்டி எடுப்பதற்கோ அது பேருதவி.