தையலுக்கு ஓர் இடம்

நைந்துபோன புடவையை எறிந்துவிட எவருக்கும் எளிதில் மனம் வருவதில்லை. வங்கத்துப் பெண்கள் பழம்புடவைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நெருக்கமாக நூலோட்டிக் ‘காந்தா’ ஆக்குகிறார்கள். மராட்டியத்துப் பெண்கள் அவ்வாறே ‘கோதடி’ தைக்கிறார்கள். தில்லியின் குளிருக்கோ பஞ்சு நிரப்பிய ‘ரஜாய்’ வேண்டும். இந்நகரங்களில் குடியேறிய நம்மவர் இல்லங்களிலும் இக்கலை புகுந்திருக்கிறது. சிலருக்கு அது பொழுதுபோக்கு. சிலருக்குக் குடும்பச் செலவுக்குக் கைகொடுக்கும் வருவாய். ஆயினும், சில ஆண்டுகளில் கழுத்துவலி, இடுப்புவலி என்று யந்திரத்தை மூடிவைத்து விடுவோர் உண்டு. வயதாகிவிட்டது என்று அவர்கள் எண்ணுகிறார்கள். பல வேளைகளில் குற்றம் வயதினுடையதன்று. உட்கார்ந்து தைக்கும் இடத்தினுடையது.

முதலில் உயரத்தைக் கவனிப்போம். நிமிர்ந்து உட்கார்ந்து, தோள்களைத் தளர்த்தி, முழங்கைகளை மடக்குங்கள். கைகள் நிற்கும் அந்த உயரத்திலேயே, ஏறத்தாழ, ஊசிக்கடியில் துணி நகரும் தளமும் அமைய வேண்டும். சாப்பாட்டு மேஜை பொதுவாக 30 அங்குல உயரமுள்ளது. அதன்மேல் யந்திரத்தை வைத்தால் தளம் மேலும் சில அங்குலம் ஏறிவிடுகிறது. தோள்கள் தாமே உயர்கின்றன. மாலைக்குள் கழுத்து இறுகிவிடுகிறது. இதற்காகப் புதிய மேஜை வாங்க வேண்டுவதில்லை. நாற்காலியின்மேல் கெட்டியான திண்டு இட்டு உயர்ந்து உட்காரலாம். பாதங்கள் தொங்காதவாறு கீழே அகன்ற பலகையொன்றை இட்டு, மின் யந்திரத்தின் மிதியையும் நழுவாதபடி அதன்மேலேயே வைத்துக்கொள்ளலாம்.

நாற்காலியை யந்திரத்தின் நடுவுக்கு நேராகப் போடுவது பலர் வழக்கம். ஊசிக்கு நேராகப் போடுவதே முறை. ஊசி இடப்பக்கம் இருப்பதால், நடுவில் உட்காருபவர் தைக்கும் நேரமெல்லாம் உடலைத் திருகியே இருக்க நேருகிறது.

அடுத்தது வெளிச்சம். யந்திரத்தின் தூண் வலப்பக்கம் இருக்கிறது. ஆதலால் வெளிச்சம் வலப்புறத்திலிருந்து வந்தால் ஊசியின்மேல் நிழல் விழும். சன்னல் இடப்பக்கம் அமையுமாறு மேஜையைத் திருப்பிப் போடுங்கள். இரவில் தைப்பதானால் ஒரு மேஜை விளக்கை அதே பக்கம் வையுங்கள். கறுப்புத் துணியில் கறுப்பு நூல் தைக்கும் வேலையைப் பகலுக்கே ஒதுக்கிவிடுவது கண்ணுக்கு நல்லது.

துணி வெட்டுவதைத் தரையில் குனிந்து செய்வதே முதுகுக்குப் பெருந்துன்பம். அடுக்குமாடி வீட்டின் சமையல் மேடை இதற்கு நன்கு உதவும். பகலுணவு முடிந்தபின் அதை ஈரமின்றித் துடைத்து, தூய விரிப்பு விரித்து, நின்றபடியே வெட்டலாம்.

போர்வை தைப்போருக்குத் தனியே ஒரு சொல். பருத்த ரஜாயைக் கையால் தைப்பதே ஏற்றது. மெல்லிய போர்வையை வீட்டு யந்திரத்திலும் தைக்கலாம். அப்போது போர்வை மேஜைக்குக் கீழே தொங்கினால், அதன் பாரமெல்லாம் ஊசியை இழுக்கும். தையல் கோணும், ஊசியும் முறியும். அதைத் தடுக்கத் தைப்பவர் தோளாலும் மணிக்கட்டாலும் ஓயாது போராட வேண்டியிருக்கும். மேஜையின் இடப்பக்கத்தில் அதே உயரமுள்ள பெட்டியையோ வேறொரு மேஜையையோ சேர்த்துப் போடுங்கள். மேஜையின் பின்புறத்தைச் சுவரோடு ஒட்டிவிடுங்கள். போர்வையின் வலப்பாதியைச் சுருட்டி யந்திரத்தின் கைக்குள் செலுத்தி, நடுவில் தொடங்கி ஓரம் நோக்கித் தையுங்கள். பாரத்தை மேஜை தாங்கும். கைகள் வழிகாட்டினால் போதும்.

எவ்வளவு நல்ல இருக்கையாயினும் அதிலேயே உறைந்திருத்தல் ஆகாது. அரைமணிக்கு ஒருமுறை எழுந்து சற்று நடந்து, சன்னல் வழியே தொலைவில் பார்வையைச் செலுத்துங்கள். ஒற்றை அறையில் வாழ்வோர் வேலை முடிந்ததும் ஊசிகளை எண்ணிப் பெட்டியில் இடுவதும், சிறு காந்தத்தால் தரையைத் துழாவுவதும் அவசியம். அதே தரையில்தான் இரவில் குழந்தைகள் படுத்துறங்குகிறார்கள்.