மனச்சோர்வு மருந்துகளைத் திடீரென நிறுத்துதல்

மனச்சோர்வுக்காகப் பல வாரங்களாக உட்கொண்டுவரும் மாத்திரைகளை ஒரே நாளில் விட்டுவிடுவதாலோ, மிக வேகமாகக் குறைப்பதாலோ தோன்றும் உடல், மனத் தொல்லைகள் மருந்து விலகல் அறிகுறிகள் எனப்படும். இம்மருந்துகள் மூளையில் செரட்டோனின் போன்ற வேதிப்பொருட்களின் அளவை மாற்றுகின்றன. மூளையும் அதற்கேற்பப் பழகிக்கொள்கிறது. மருந்து சட்டென நின்றால் அந்தப் பழக்கம் மாற நாளாகும். இது போதைக்கு அடிமையாதல் அன்று.

தலைசுற்றல், குமட்டல், தூக்கமின்மை, கெட்ட கனவுகள், எரிச்சல், காரணமில்லாத அழுகை ஆகியவை பொதுவானவை. தலைக்குள் மின்சாரம் பாய்ந்ததுபோன்ற சுரீர் உணர்வு இதற்கே உரிய அடையாளம். பெரும்பாலும் 2 முதல் 4 நாட்களில் தொடங்கும். பராக்சிடின், வென்லாஃபாக்சின் ஆகியவை உடலிலிருந்து விரைவில் வெளியேறுவதால் தொல்லை மிகுதி. ஃபுளுவாக்சிடின் வாரக்கணக்கில் தங்குவதால் குறைவு.

மாத்திரையை விடுவதற்கான காரணங்கள் பெரும்பாலும் சாதாரணமானவை: குணமாகிவிட்டது என்ற எண்ணம், மாத்திரை தீர்ந்துபோதல், வெளியூர்ப் பயணம். தென்காசியை அடுத்த குற்றாலத்தை எடுத்துக்கொள்வோம். ஜூன் முதல் சாரல் காலத்தில் குடும்பம் குடும்பமாக மக்கள் வந்து தங்குகின்றனர். மூலிகை மலையிலிருந்து விழும் நீர் பித்தத்தைத் தெளிவிக்கும் என்பது நெடுநாள் நம்பிக்கை. குளியல் தரும் புத்துணர்ச்சி மெய்தான். ஆனால் அது மாத்திரைக்கு மாற்றாகாது. ஊருக்குக் கிளம்பும்போது மாத்திரையை விட்டுவந்தவருக்கு மூன்றாம் நாளில் உடல்வலி, நடுக்கம், வியர்வை வரக்கூடும். அருவியில் நனைந்ததால் வந்த காய்ச்சல் என்றே வீட்டார் நினைப்பர். வழுக்கும் பாறையில் தலைசுற்றல் வந்தால் ஆபத்து வேறு.

இதைவிடச் சிக்கலான குழப்பம் ஒன்றுண்டு. விலகல் அறிகுறியை நோய் திரும்பியதாகக் கருதுவது எளிது. மருந்தை மீண்டும் தொடங்கிய ஓரிரு நாளில் தொல்லை அடங்கினால் அது பெரும்பாலும் விலகல் அறிகுறியே. மனச்சோர்வு திரும்புவதென்றால் பொதுவாக வாரங்கள் கழித்து மெல்ல வரும். அதுவும் உண்மையான அபாயமே. தற்கொலை எண்ணம் வரை செல்லக்கூடும்.

நிறுத்தவே கூடாது என்பதில்லை. மருத்துவர் மேற்பார்வையில் வாரங்களாகவோ மாதங்களாகவோ குறைக்க வேண்டும். 2019இல் ஹோரோவிட்ஸ், டெய்லர் ஆகியோர் லான்செட் சைக்கியாட்ரி இதழில் சுட்டிக்காட்டியபடி, மருந்தளவைப் பாதியாக்கினால் மூளையில் அதன் விளைவு பாதியாவதில்லை. கடைசிச் சிறு அளவுகளில்தான் விளைவு செங்குத்தாகச் சரிகிறது. எனவே முடிவை நெருங்க நெருங்க இன்னும் சிறிது சிறிதாகக் குறைப்பதே நல்லது. பலர் செய்வதுபோல ஒருநாள் விட்டு ஒருநாள் போடுவது, விரைவில் வெளியேறும் மருந்துகளில் ஏற்ற இறக்கத்தையே கூட்டும். மெதுவாகக் கரையும் வகை மாத்திரைகளை உடைக்கவும் கூடாது.

தென்காசிப் பகுதியினர் திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவை அணுகலாம். நடுவண் அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416; கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம்.