எண்ணிமத் தொழினுட்பமும் உயர்கல்வியும்: கருவியும் உடைமையும்

கல்விச் சாதனங்களின் வரலாறு, அறிவு எவர் கையிலிருந்தது என்பதன் வரலாறுமாகும். ஏட்டுச்சுவடிகள் அச்சேறியபோது சிலரது குடும்பச் சொத்தாகவிருந்த நூல்கள் பலரது கைக்கு வந்தன. எனினும் எழுத்தறிவும் வாங்குந்திறனும் உடையோர்க்கே அவை முதலிற் பயன்பட்டன. எண்ணிமத் தொழினுட்பம் உயர்கல்வியில் வகிக்கும் பங்கினை ஆராய்வோர் இதனை மனங்கொள்ளுதல் வேண்டும்.

2020 மார்ச்சில் கொவிட் பெருந்தொற்றினால் இலங்கைப் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபின், விரிவுரைகள் சூம், மூடில் ஆகியவற்றின் வழியே தொடர்ந்தன. ‘லேர்ன்’ எனப்படும் இலங்கைக் கல்வி ஆராய்ச்சி வலையமைப்பும் தொலைபேசி நிறுவனங்களும் இணைந்து, மாணவர் இவற்றைத் தரவுக் கட்டணமின்றிப் பயன்படுத்த அவ்வாண்டில் வழிசெய்தன. இது வரவேற்கத்தக்க பொதுநல நடவடிக்கையே. ஆயினும் கட்டணம் நீங்கியதனால் மட்டும் கருவியும் இடமும் கிடைத்துவிடுவதில்லை. தோட்ட லயன் அறையொன்றிற் குடும்பத்தினர் அனைவருடனும் இருந்து கைத்தொலைபேசியிற் கற்கும் மாணவியும், தனியறையும் மடிக்கணினியும் உடைய மாணவனும் ஒரே விரிவுரையைச் சமமாகப் பெற்றனர் எனல் பொருந்தாது. 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டபோது, இத்தொழினுட்பம் நாட்டின் பொருளாதார அடித்தளத்தில் எவ்வளவு தங்கியுள்ளது என்பதும் வெளிப்பட்டது.

இதனால் இத்தொழினுட்பத்தை நிராகரித்தல் வேண்டுமென்பதன்று. பாடசாலையிற் தமிழ்மூலம் பயின்று, மருத்துவமோ பொறியியலோ ஆங்கிலத்திற் கற்கப் புகும் மாணவர்க்குப் பதிவுசெய்த விரிவுரை பெருந்துணையாகும். விளங்காத இடத்தில் நிறுத்தி மீண்டுங் கேட்கலாம். ஆனால் வினாவும் விவாதமும் அற்ற பதிவு, பழைய குறிப்பெடுத்தல் முறையின் புதிய வடிவமாகவே எஞ்சும்.

ஆராய்ச்சித்துறையில் உடைமைப் பிரச்சினை மேலுந் துலக்கமாகின்றது. பன்னாட்டுப் பதிப்பகங்களின் ஆய்விதழ்கள் பல, பெருஞ் சந்தா செலுத்தும் நிறுவனங்களுக்கே திறக்கின்றன. அதற்கு மாறாக, 2005 இல் தொடங்கப்பெற்ற நூலகம் எண்ணிம நூலகம், ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் எவரும் கட்டணமின்றி வாசிக்கத் தருகின்றது. 1981 இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டதை அறிந்த சமூகமொன்றில் இம்முயற்சியின் பொருள் விளக்கத்தை வேண்டாதது. எனினும் பக்கங்களைப் படமாக்குவதோடு பணி முடிவதில்லை. எழுத்துக்கள் யுனிகோட்டிற்கு மாற்றப்பட்டாலன்றி ஆய்வாளன் அவற்றினுள்ளே ஒரு சொல்லைத் தேடவியலாது. பாமினி முதலிய பழைய எழுத்துருக்களில் அமைந்த ஆவணங்களும் இத்தகைய மாற்றத்தை வேண்டி நிற்பனவே.

எனவே, பல்கலைக்கழகங்கள் எத்தனை கணினிகளை வாங்கின என்பதிலும் பார்க்க, அவற்றின் வழிவரும் அறிவு எவருக்கு உரியது, எம்மொழியிற் கிடைக்கின்றது, எவரை வெளியே நிறுத்துகின்றது என்பனவே முதன்மையான வினாக்களாகும். இலவசக் கல்வியைப் பேணுதல் என்பது, இன்று மாணவரின் இணைய இணைப்பையும் கருவியையும் கல்வியுரிமையின் பகுதிகளாகக் கோருவதையும் உள்ளடக்குகின்றது.