கேட்டமரான் கவிழுமா? ஒரு கேள்வியும் கொஞ்சம் கணக்கும்

கல்லூரியில் என்னோடு மெக்கானிக்கல் படித்த நண்பன் ஒருவன் பல வருடங்களாக ஆக்லாந்தில் இருக்கிறான். பழைய 12 மீட்டர் கேட்டமரான் பாய்மரப் படகு ஒன்றை வாங்கி, மனைவியையும் பத்து வயது மகளையும் கூட்டிக்கொண்டு டோங்கா வரை போய்வர வேண்டும் என்பது அவன் திட்டம். போன மாதம் வீடியோ காலில் அவன் மனைவி கேட்டார்: "அண்ணா, இது கவிழவே கவிழாதுன்னு இவர் சொல்றார். நீங்க சொல்லுங்க, கவிழ்ந்தா என்ன ஆகும்?"

நான் கடலோடி அல்ல. சாஃப்ட்வேர் ஆள், ஆர்வத்தில் படிப்பவன், அவ்வளவுதான். ஆனால் கேள்வி சரியான கேள்வி. அதற்காக மூன்று வாரம் உட்கார்ந்து படித்ததையும் போட்ட கணக்கையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் பெயர்க் குழப்பம். கேட்டமரான் என்ற சொல் நம் கட்டுமரத்திலிருந்து போனது. ஆனால் நம் கட்டுமரத்துக்கு இரண்டு உடல் கிடையாது, அது சேர்த்துக் கட்டிய மரங்கள். இரண்டு உடலைப் பாலம் போட்டு இணைக்கும் வடிவம் பசிபிக் தீவுக்காரர்களுடையது. பெயர் நம்முடையது, படகு அவர்களுடையது. கட்டுமரத்துக்குப் பிறகு வருகிறேன், ஒரு காரணம் இருக்கிறது.

ஒற்றை உடல் பாய்மரப் படகு நிமிர்ந்து நிற்பது கீலில் இருக்கும் எடையால் (நம் ஊர் படகு கட்டுகிறவர்கள் ஏரா என்பார்கள்). காற்று அடித்தால் படகு சாயும். சாயச் சாய அந்த எடை வெளியே போய் இழுக்கும், கூடவே பாயும் சாய்வதால் காற்று நழுவிப் போகும். பாய் தண்ணீரில் படும் அளவுக்குச் சாய்ந்தாலும் பெரும்பாலும் எழுந்துவிடும். பல படகுகளில் இந்த எழும் சக்தி 110, 120 டிகிரி வரைகூட இருக்கும். பொம்மைக் கடைத் தஞ்சாவூர் பொம்மை மாதிரி.

கேட்டமரானுக்கு அந்த எடை கிடையாது. அகலம்தான் அதன் பலம். நண்பன் பார்த்துவைத்த படகு மாதிரி ஒன்றை எடுத்துக்கொள்வோம்: எடை 10 டன், இரண்டு உடல்களின் நடுக்கோடுகளுக்கு இடையே 5 மீட்டர். காற்றுப் பக்க உடல் தண்ணீரை விட்டுத் தூக்கும் கணத்தில் மொத்த எடையும் மற்ற உடலின் மேல் நிற்கும். நிமிர்த்தும் திருப்புவிசை 10 × 2.5 = 25 டன்-மீட்டர். அதே நீள ஒற்றை உடல் படகுக்கு இதில் கால்பங்கு இருந்தாலே அதிகம். விற்பவர்கள் "கவிழாது" என்று சொல்வது இந்த எண்ணை வைத்துத்தான். எண் பொய்யில்லை.

ஆனால் அந்த 25 உச்சம். அது வருவது வெறும் 10 டிகிரி சாய்வுக்குப் பக்கத்தில். அதைத் தாண்டினால் குறையத் தொடங்கும். 90 டிகிரியை நெருங்கும்போது ஒன்றும் மிஞ்சாது. அதற்கப்புறம் தலைகீழாகப் போய், நேராக நின்றபோது எவ்வளவு உறுதியோ அதே உறுதியோடு தலைகீழாகவும் நிற்கும். கையால் திருப்ப முடியாது.

அப்படியானால் எந்தக் காற்றில் உடல் தூக்கும்? பாய் 90 சதுர மீட்டர், காற்றின் அழுத்தம் மையம் கொள்ளும் உயரம் 8 மீட்டர் என்று வைத்துக் கணக்குப் போட்டேன். சுமார் 42 நாட் வந்தது. பாயைப் பாதியாகச் சுருக்கி, மையத்தை 6 மீட்டருக்கு இறக்கினால் 69 நாட். இது அலையே இல்லாத தட்டைக் கடல் கணக்கு. ஒரு அலை காற்றுப் பக்க உடலைத் தூக்கிவிட்டால் இந்த எண்கள் கீழே இறங்கும்.

இந்தக் கணக்கில் என்னைப் பயமுறுத்தியது 42 இல்லை, 20. காற்றின் விசை வேகத்தின் இருமடியாக ஏறும். 20 நாட்டில் படகின் மேல் விழும் சுமை, உடல் தூக்கும் சுமையில் கால்பங்குகூட இல்லை. சாய்வு ஓரிரண்டு டிகிரி, மேஜை மேல் டீ கிளாஸ் நகராது. அதே காற்றில் முழுப் பாயோடு போகும் ஒற்றை உடல் படகில் சமையலறைப் பாத்திரம் எல்லாம் உருளும், குழந்தை அழும், கேப்டன் தானாகவே பாயைச் சுருக்குவார். கேட்டமரானில் யாரும் எழுந்துகூட வரமாட்டார்கள். அப்போது ஒரு மழைப்புயல் முனை வந்து காற்றை இரட்டிப்பாக்கினால் சுமை நான்கு மடங்கு. கால்பங்கு முழுப்பங்காகிவிடும், சில நிமிடங்களில்.

எங்கள் தொழிலில் இது தெரிந்த கதை. மெதுவாகத் திணறும் சர்வரைப் பற்றி எல்லாரும் புகார் செய்வார்கள். கடைசி நொடி வரை சிரித்த முகத்தோடு பதில் சொல்லிவிட்டுச் செத்துப்போகும் சர்வர்தான் ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பும். எனக்குத் தெரிந்தவரை சாய்வு என்பது ஒரு அலாரம். கேட்டமரான் வசதியாக இருப்பதற்குக் காரணம் அந்த அலாரத்தைக் கழற்றி வைத்திருப்பதுதான். அதனால்தான் அதில் பாய் சுருக்குவது சாய்வைப் பார்த்து அல்ல, காற்றுமானியின் எண்ணைப் பார்த்து. முதல் சுருக்கு பொதுவாக 20 நாட்டுக்கு அக்கம்பக்கத்திலேயே வந்துவிடும்.

இன்னொரு பக்கம், பலர் பயப்படும் சில விஷயங்களுக்குப் பயப்படத் தேவையில்லை. கடற்கரையில் விளையாடும் சின்ன ஹோபி கேட் கவிழ்வதைப் பார்த்துவிட்டுப் பெரியதும் அப்படித்தான் என்று நினைப்பார்கள். ஒரே வடிவத்தை இருமடங்கு பெரிதாக்கினால் கவிழ்க்கும் திருப்புவிசை 8 மடங்கு, நிமிர்த்துவது 16 மடங்கு. பெரியது வேறு ஜாதி. அதேபோல ராத்திரியில் பாலத்தின் அடியில் அலை மோதி "டம்" என்று பீரங்கி மாதிரி சத்தம் வரும். புதியவர்கள் படகு உடைகிறது என்று எழுந்து உட்காருவார்கள். சத்தத்துக்கும் கவிழ்வதற்கும் சம்பந்தமில்லை. சாமான் அதிகம் ஏற்றினால் சத்தம் கூடும், அவ்வளவுதான்.

சரி, அவர் கேட்ட கேள்வி: கவிழ்ந்தால்?

இங்கேதான் கட்டுமரம் வருகிறது. கட்டுமரம் புரளும், ஆனால் மூழ்காது. தண்ணீர் ஏறுவதற்கு உள்ளே இடமே இல்லை. ஏறி உட்கார்ந்துகொள்ளலாம். கீல் எடை இல்லாத கேட்டமரானுக்கும் அந்தக் குணம் கொஞ்சம் உண்டு. ஐரோப்பிய விதிப்படி, தலைகீழாகக் கூடிய பல உடல் படகுகள் கவிழ்ந்த பின்னும் மிதக்க வேண்டும், வெளியே வர வழியும் இருக்க வேண்டும்.

1989 ஜூன் மாதம் நியூசிலாந்தின் பிக்டனிலிருந்து இதே டோங்காவுக்குக் கிளம்பிய ரோஸ் நோயல் என்ற மூன்று உடல் படகை ஒரு அலை தலைகீழாக்கியது. உள்ளே நான்கு பேர். அவசர ஒலிபரப்பி பேட்டரி தீரும் வரை கூவியும் யாரும் வரவில்லை. கவிழ்ந்த உடலில் ஓட்டை போட்டு, ஒடுங்கலான ஒரு இடத்தில் படுத்து, மழைநீர் பிடித்து, மீன் பிடித்துத் தின்று 119 நாள் மிதந்து கிரேட் பேரியர் தீவில் கரை ஒதுங்கினார்கள். நான்கு பேரும் உயிரோடு. இவ்வளவு தெம்பாக இருக்கிறார்களே என்று முதலில் பலர் நம்பவே இல்லை.

எதிர்ப்பக்கமும் சொல்ல வேண்டும். 2014இல் சீக்கி ரஃபிகி என்ற ஒற்றை உடல் படகின் கீல் அட்லாண்டிக் நடுவில் கழன்று போனது. படகு தலைகீழானது, நான்கு பேரும் போய்விட்டார்கள். உயிர்காக்கும் மிதவை படகிலேயே கட்டியபடி இருந்தது. எழுந்து நிற்கும் என்று நம்பும் படகுக்கும் அந்த நம்பிக்கை ஒரு சில போல்ட்டில் நிற்கிறது.

இதையெல்லாம் அவரிடம் மறைக்காமல் சொன்னேன். நண்பனுக்கு என் மேல் கொஞ்சம் கோபம், "டேய், வாங்கவே விடமாட்ட போலிருக்கே" என்றான். அவர் பயந்ததாகத் தெரியவில்லை. தலைகீழான பிறகு கைக்கு எட்டுகிற மாதிரி தண்ணீர், விளக்கு, ஒலிபரப்பி எங்கே கட்டுவது என்று கேட்டு எழுதிக்கொண்டார். போன ஞாயிறு படகைப் பார்க்கப் போனபோது தரகரிடம் முதலில் கேட்டது தப்பிக்கும் மூடி எங்கே என்றுதானாம். அது ஒரு மெத்தைக்கு அடியில், திறக்கவே முடியாமல் துருப்பிடித்து இருந்திருக்கிறது. விலை பேச்சு அதை மாற்றித் தருவதில் நிற்கிறது.

சுக்கானுக்குப் பக்கத்தில் ஒட்ட ஒரு சீட்டு வேண்டும் என்று என்னிடம் கேட்டார். போட்டுக் கொடுத்திருக்கிறேன். பகலில் 18 நாட் முதல் சுருக்கு, 24 இரண்டாவது. இரவில் 15லேயே முதல் சுருக்கு. கடைசி வரி அவரே சேர்த்தது: யார் சொன்னாலும் சுருக்கணும், ஏன்னு கேக்கக் கூடாது.